ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

எங்கள் சொந்தபந்தத்தில் வீட்டில் ஒயின் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் வாங்கும்போது விசாரிக்கவும் ஆளில்லை, கெட்டுப்போனபோது புலம்பவும் ஆளில்லை. கடைக்காரர் சொன்னதையும் வீட்டைப் புதுப்பித்த குத்தகைக்காரர் சொன்னதையும் நம்பித்தான் எல்லாம் நடந்தது. பெட்டி, தச்சு வேலை, உள்ளே இருந்த பாட்டில்கள் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 2,500 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. இங்கே செங்காங், பொங்கோல் பக்கம் புது வீட்டுச் சாவி வாங்குகிறவர்களில் சிலர் சமையலறை வரைபடத்திலேயே ஒயின் ஃபிரிட்ஜுக்கு ஒரு பொந்து ஒதுக்கிவிடுகிறார்கள். தச்சர் ரம்பத்தை எடுக்கும் முன் அவர்களில் ஒருவராவது இதைப் படித்தால் சரி. குடிப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அதை என் அம்மாவிடம் போதுமான அளவு நடத்தியாகிவிட்டது.

பழக்கம் தொற்றியது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். அக்கா குடும்பம் அங்கே இருக்கிறது. விடுமுறைக்குப் போனால் அத்தான் காரில் ஏற்றிக்கொண்டு ஒயினுக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போவார். திரும்பும்போது பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர் ஒயின் வரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். அதாவது ஆளுக்கு இரண்டு பாட்டில். அதற்கு மேல் வேண்டுமென்றால் இங்கே வாங்க வேண்டியதுதான். இங்கே ஒயினுக்குத் தீர்வை, அதில் உள்ள ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 13.5 சதவிகிதம் உள்ள சாதாரண 750 மில்லி பாட்டிலில் தீர்வை மட்டுமே ஏறக்குறைய 9 வெள்ளி வந்துவிடும். அதன் தலையில் 9 சதவிகிதப் பொருள் சேவை வரி. மலிவான பாட்டில் என்று இங்கே எதுவும் இல்லை. கெட்டுப்போனால் வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒயினுக்குப் பிடித்தது 12, 13 டிகிரி. ஒன்றிரண்டு டிகிரி கூடினாலும் பரவாயில்லை, ஆனால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. நம் ஊரில் பகலில் 31, 32 சர்வசாதாரணம், இரவிலும் 25 வாக்கில்தான் இருக்கும். மேற்கு வெயில் அடிக்கும் கூடத்தில் மரத் தாங்கியில் பாட்டிலை அடுக்கி வைத்தால் சில மாதத்தில் அதன் கதை முடிந்துவிடும். சாப்பாட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்பீர்கள். ஓரிரு வாரம் என்றால் தாராளமாக வைக்கலாம். மாதக்கணக்கில் வைத்தால் அந்த 4 டிகிரிக் குளிரும் வறண்ட காற்றும் கார்க்கைக் காய வைத்துவிடும்.

சரி, முதல் பெட்டிக்கு வருகிறேன். சிறியது, 12 பாட்டில் பிடிப்பது, 260 வெள்ளி. “சத்தமே வராது, அதிர்வே இருக்காது” என்று கடையில் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. அது கம்ப்ரஸர் இல்லாத, பெல்டியர் தகட்டால் இயங்கும் வகை. மின்சாரம் பாய்ந்தால் அந்தத் தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சூட்டை ஒரு சின்ன விசிறி வெளியே தள்ளும். சத்தம் இல்லாததற்குக் காரணம் அதுதான். ஆனால் அந்த வகையால் வெளிக்காற்றைவிடச் சுமார் 10 முதல் 15 டிகிரி வரைதான் குறைக்க முடியும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஏர்கான் ஓடும் 25 டிகிரி அறையில் அது 12ஐத் தொடலாம். பகல் முழுக்க ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் தொடாது.

இதில் பெரிய கடுப்பு என்னவென்றால், முகப்பில் எப்போதும் 12 என்றே எரிந்துகொண்டிருந்தது. அது நாம் அமைத்த எண், உள்ளே இருக்கும் வெப்பநிலை இல்லை. ஒரு நாள் சந்தேகம் வந்து காலி ஒயின் பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி உள்ளே படுக்க வைத்து, மறுநாள் சாயங்காலம் எடுத்து அதற்குள் சமையல் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 19. எந்த ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் முதல் வாரத்தில் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். கதவைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறிவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று என வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. மேலே எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

அந்தப் பெட்டியை 60 வெள்ளிக்குத் தள்ளிவிட்டு, சமையலறையைப் புதுப்பிக்கும் சமயத்தில் கம்ப்ரஸர் உள்ள பெட்டி ஒன்று வாங்கினோம். 1,150 வெள்ளி, 40 பாட்டில் கொள்ளும் என்று போட்டிருந்தது. அந்த எண் போர்டோ வகை நேர்த்தோள் பாட்டிலை வைத்துப் போடும் கணக்கு. பர்கண்டி, ஷாம்பெயின் போன்ற வயிறு பெருத்த பாட்டில்கள் கலந்து வந்தால் கால்வாசி இடம் குறைந்துவிடும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் அதை எங்கே வைத்தோம் என்பது.

குத்தகைக்காரருக்குப் பெட்டியின் மாடல் எண்ணையும் அளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதை அலமாரிக்குள் அடக்கலாமா, பின்னால் இடம் விட வேண்டாமா?” என்று கேட்டேன். “கவலைப்படாதீங்க பாஸ், நிறைய வீட்டுல இப்படித்தான் செஞ்சிருக்கேன்” என்று பதில் வந்தது. வேலை முடிந்தபோது பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பலகை, மேலே கல், முன்னால் கண்ணாடிக் கதவு மட்டும் தெரிந்தது. விரல் நுழைய இடமில்லை. வருகிற உறவினர்களெல்லாம் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், ஒயினைத் தொடாதவர்கள் உட்பட.

ஒயின் ஃபிரிட்ஜ் இரண்டு வகை. ஒன்று தனியாக நிற்க வேண்டியது. அதன் சூடு பின்பக்கம் வழியாகவோ பக்கச் சுவர்கள் வழியாகவோ வெளியேறும். மற்றது அலமாரிக்குள் பொருத்துவதற்கென்றே செய்தது. அதில் சூடு வெளியேறும் சல்லடை முன்பக்கம், காலடியில் இருக்கும். விலை கணிசமாகக் கூடும். கடையில் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு, ஒரே முகம். குனிந்து காலடியில் சல்லடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அதை எந்தத் தச்சர் என்ன சொன்னாலும் அலமாரிக்குள் அடக்கக் கூடாது.

வீட்டில் ஆள் இருந்து, இரவில் ஏர்கானும் ஓடிக்கொண்டிருந்தவரை பெட்டி ஏதோ சமாளித்தது. சாயங்காலங்களில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் மௌனம், மறுபடி ‘டிக்’ என்று கேட்கும். புதுப் பொருளின் சத்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். சன்னல் எல்லாம் சாத்தி, ஏர்கான் அணைத்து, திரைச்சீலையையும் இழுத்து விட்டுப் போனோம். மே, ஜூன்தான் இங்கே ஆண்டின் மிகப் புழுக்கமான மாதங்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் சமையலறைப் பக்கமிருந்து ஒரு புளித்த வாடை. பழக்கூடையில் எதையோ விட்டுவிட்டுப் போய்விட்டோம் என்று என் மனைவி நினைத்தாள். பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எண் பலகை 29 காட்டியது. அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. முதல் பாட்டிலை உருவியபோது கையில் பிசுபிசுப்பு. கார்க் சில மில்லிமீட்டர் மேலே ஏறி, அதை மூடியிருந்த தகர உறையைத் தொப்பியாகத் தூக்கிவிட்டிருந்தது. கழுத்திலிருந்து லேபிள் வரைக்கும் கறுஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கிக் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த பாட்டில்களின் மேலும் சொட்டியிருந்தது. பயணப் பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அழுகை வந்துவிட்டது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அக்கா பையன் பிறந்த வருடத்துப் பாட்டில் ஒன்றை அவன் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கென்று வைத்திருந்தேன்.

ரிப்பேருக்கு வந்த தம்பி தஞ்சாவூர்க்காரர். பெட்டியை வெளியே இழுக்கவே அரை மணி நேரம் ஆனது. பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என் கையையும் பிடித்து வைத்தார். சுட்டது. “மிஷின் மேல தப்பில்லண்ணே. நம்ம ஊரு வெயில்ல போர்வையத் தலையோட போத்திக்கிட்டுப் படுத்துப் பாருங்க, அப்படித்தான் கெடந்திருக்கு இது” என்றார். உள்ளிருந்து எடுத்த சூடு போக வழியில்லாமல் அலமாரிக்குள்ளேயே சுற்ற, அந்தச் சூட்டுக் காற்றையே வைத்துக் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறது. அளவு மீறும்போது பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்தும், ஆறியதும் மறுபடி கிளம்பும். நான் கேட்ட ‘டிக்’ அதுதான். வீடு பூட்டிக் கிடந்த நாட்களில் ஒரேயடியாகக் கருகிவிட்டது. உங்கள் பெட்டியிலும் அப்படி விட்டு விட்டு ‘டிக்’ கேட்டால் அன்றைக்கே இழுத்து வெளியே விடுங்கள்.

கம்ப்ரஸருக்கு 5 வருட உத்தரவாதம் இருந்தது. எழுத்தைப் படித்தால், உதிரிப்பாகம் மட்டும் இலவசம். கேஸ் நிரப்புவதும் கூலியும் நம் செலவு. பொருத்திய முறை தவறு என்றால் அதுவும் இல்லை. மொத்தம் 480 வெள்ளி கேட்டார்கள். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஆரம்பத்திலிருந்தே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. எனக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது, பழுதும் கடை செய்தது இல்லை. அதனால் குத்தகைக்காரரைப் பிடித்தேன். முதலில் போனையே எடுக்கவில்லை. அப்புறம் அந்த வாட்ஸ்அப் உரையாடலையும், ரிப்பேர்க்காரர் எழுதித் தந்த காரணத்தையும் இணைத்து, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகப்போகிறேன் என்று எழுதினேன். அங்கே 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, சின்னத் தொகை என்றால் கட்டணமும் அற்பம். அந்தக் கடிதம் போன பிறகு அவர் 600 வெள்ளி தந்து, அலமாரியையும் திருத்திக் கொடுத்தார். பாட்டில்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. “அதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். ரசீது இல்லாத எனக்கு அதற்குப் பதில் இல்லை. தச்சர், குத்தகைக்காரர் எவராக இருந்தாலும் வாயால் கேட்டதை ஒரு வரி எழுத்திலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டில் வாங்கிய ரசீதுகளையும் போனில் படம் பிடித்து வையுங்கள்.

பாட்டில்களை உடனே கொட்டவில்லை. வார இறுதிகளில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். கார்க் தூக்கியவை எல்லாம் ஒரே கதை. கொதித்த திராட்சைப் பாகு வாசம், நாக்கில் வெறும் புளிப்பு. திருகுமூடி போட்டவை ஒழுகவில்லை, பார்க்கப் புதுசாக இருந்தன. அதை நம்பாதீர்கள், உள்ளே வெந்ததுதான். மூடி ஒழுகாததால் வெளியே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். இளசான சில சிவப்பு ஒயின்கள் சுமாராகத் தப்பின, அவற்றை அப்போதே குடித்துத் தீர்த்தோம். சில ஆட்டுக்கறிக்குப் போயின. “ஒரு கிலோ கறிக்கு எழுபது வெள்ளி மசாலாவா?” என்றாள் மனைவி. கறி நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது பெட்டி வாங்கும்போது நான் பார்த்த முதல் விஷயம் அதன் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகவல் அட்டை. அதில் ‘என்’ (N), ‘எஸ்டி’ (ST), ‘டி’ (T) என்று ஆங்கில எழுத்தில் பருவநிலை வகை போட்டிருக்கும். ‘என்’ என்றால் அறை வெப்பம் 32 டிகிரி வரை, ‘எஸ்டி’ 38 வரை, ‘டி’ 43 வரை தாங்கும். நம் வீட்டுக் கூடம் 27, 28தானே, ‘என்’ போதாதா என்று விற்பனையாளர் கேட்டார். நாங்கள் வீட்டில் இருக்கும்போது 28தான். பூட்டிய வீட்டின் பிற்பகலை நினைத்துத்தான் வாங்க வேண்டும். ‘எஸ்டி’க்குக் கீழே எதையும் எடுக்காதீர்கள். இரண்டு மண்டலம், அதாவது ஒரே பெட்டிக்குள் இரண்டு வேறு வெப்பநிலை, உள்ள பெட்டிக்குக் கூடுதல் காசு தருவதும் என் வரையில் வீண். எல்லாவற்றையும் 13 டிகிரியில் வைத்துவிட்டு, சிவப்பைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்து வெளியே வைத்தால் போதும். நம் ஊர்ச் சூட்டில் அது கிளாஸிலேயே ஏறிவிடும். வெள்ளையைச் சாப்பாட்டு ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் போட்டு எடுக்கலாம்.

இப்போது பெட்டி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், வெயில் படாத உள்சுவரோரம், நாலாபுறமும் ஒரு சாண் இடம் விட்டுத் தனியாக நிற்கிறது. அழகு கொஞ்சம் குறைவுதான். வந்த அன்றைக்கே சொருகிவிடவில்லை. லாரியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் 24 மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போட வேண்டும், கம்ப்ரஸர் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்கட்டும். சமமட்டம் பார்த்துக் கால்களைத் திருகினேன். ஆடினால் அதிர்வும் சத்தமும் கூடும். நீட்டிப்பு ஒயர் வேண்டாம், சுவர்ப் பிளக் ஒன்றை அதற்கென்றே கொடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்ட்டரில் வைக்கலாமா என்று இதற்குள் பல நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். தடித்த கான்கிரீட் சுவர், இருட்டு, பார்க்கப் பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் காற்றோட்டம் மிகக் குறைவு. பெட்டி கக்கும் சூடு முழுக்க அந்தச் சின்ன அறையில்தான் நிற்கும். என் அலமாரிக் கதையேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

பராமரிப்பில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் குறிப்புகளில், கார்க் காயாமல் இருக்க உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள் என்று இருக்கும். அது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக் காற்றைக் காய வைக்கிற நாடுகளுக்கு. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியே 80 சதவிகிதத்துக்கு மேல், விடிகாலையில் 90ஐத் தாண்டும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஈரம் உள்ளே போய்க் குளிர்ந்த பின்சுவரில் நீராகப் படிந்து, ஒரு சின்னத் துளை வழியாக வெளியே இருக்கும் தட்டுக்கு இறங்கும். அந்தத் துளை தூசியால் அடைத்தால் தண்ணீர் அடித்தட்டில் தேங்கும், லேபிளில் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய உறிஞ்சுகுழலை விட்டுக் குத்தி, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் ஊற்றினால் திறந்துகொள்ளும்.

கதவு ரப்பரின் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் வரும். சோப்பு நீரில் துடைத்து, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுங்கள். குளோரின் கலந்த திரவம் ரப்பரைக் கெடுக்கும். ரப்பர் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. ரூபாய் நோட்டை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நம் 2 வெள்ளி, 10 வெள்ளி நோட்டு பாலிமர், எந்தக் கதவிலும் வழுக்கிக்கொண்டு வரும். டிசம்பர் மழையில் கண்ணாடி வெளிப்பக்கம் மெல்ல வியர்ப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே மூலையில் மட்டும் சொட்டினால்தான் ரப்பரைச் சந்தேகிக்க வேண்டும். பின்பக்கத் தூசியை அரையாண்டுக்கு ஒருமுறை வேக்குவமால் உறிஞ்சி எடுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு.

அப்புறம், வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. ஒரு நாள் கதவைத் திறந்தால் மல்லிகை மணம் தூக்கியது. தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்த பூவையும் ஒரு கட்டு கருவேப்பிலையையும் அம்மா நடுத்தட்டில் வைத்திருந்தார். “பெரிய ஃபிரிட்ஜ்ல கருகிடுதுப்பா, இதுல வாடாம இருக்கு” என்றார். அவர் சொன்னது உண்மைதான், 13 டிகிரி பூவுக்கு நல்ல இடம். ஆனால் வாடை கார்க் வழியாக ஏறும் என்பார்கள், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கதவும் திறக்கும். பெட்டிக்குள் வாடையை உறிஞ்சும் கரி வடிகட்டியை மாற்றி, பூவுக்குப் பெரிய ஃபிரிட்ஜின் கதவில் ஒரு டப்பா ஒதுக்கிச் சமாதானம் ஆனோம்.

இப்போது ஊருக்குப் போகும் முன் செய்வது இதுதான். வைஃபை வெப்பமானி ஒன்று, 25 வெள்ளிதான், உள்ளே போட்டிருக்கிறேன். 17ஐத் தாண்டினால் போனில் மணி அடிக்கும். மின்கசிவால் மெயின் சுவிட்ச் விழுந்தால் வைஃபையும் சேர்ந்து போய்விடும்; அளவு வராமல் நின்றாலே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எதிர்வீட்டு மலாய் அம்மாவிடம், மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், சாவி இருக்கிறது. அவர் பாட்டில் எதையும் தொட வேண்டாம், மெயினை மேலே தள்ளிவிட்டு ஒரு செய்தி போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். கூடத்து சன்னலில் ஒரு விரல் இடுக்கு திறந்து விட்டுப் போகிறோம்.

மின்சாரச் செலவு பயந்த அளவுக்கு இல்லை. பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தேன்; ஒரு நாளைக்கு முக்கால் யூனிட். யூனிட்டுக்கு 30 காசு வாக்கில் வைத்தால் மாதம் 7 வெள்ளிக்குள் அடங்கும். பழைய பெட்டியைத் தூக்கிப்போட ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள். 2021 ஜூலையிலிருந்து ஃபிரிட்ஜ் போன்ற பொருளைப் புதிதாகக் கொண்டுவந்து இறக்கும் கடை, பழையதை இலவசமாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள். எனக்கு அது தெரியாததால் கருகிய பெட்டியை இறக்க 50 வெள்ளி கொடுத்தேன்.

வீட்டில் எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு பாட்டிலுக்கு மேல் இருக்காது, வாங்கினால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை. துணியில் சுற்றிக் காய்கறி டிராயரில் படுக்க வையுங்கள். கடையில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி வைத்துக் காத்திருப்பதற்குச் செய்ததும் இல்லை.